பயிற்சிச் செலவு யார் தலையில்?

பண்ணைப் பாலத்துக்கு அப்பால் வேலணை முதலான தீவகக் கிராமங்களில் விமானியாகும் கனவோடு படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். 2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டதும், மறுமாதம் சென்னையிலிருந்து ஏ.ரி.ஆர். 72 விமானம் வரத் தொடங்கியதும் அக்கனவை அண்மையாக்கின. எனவே அத்தொழிலின் மறுபக்கத்தையும் நாம் அறிந்திருத்தல் நன்று.

விமானி அனுமதிப்பத்திரம் பெற்ற ஒருவர் எல்லா விமானங்களையும் செலுத்திவிட முடியாது. பயணிகள் விமானங்களில் ரகத்துக்கு ரகம் தனித் தகுதி வேண்டும். ஏ.ரி.ஆர். விமானத்தைச் செலுத்தியவர் எயார்பஸ் ஏ320 விமானத்துக்கு மாறுவதாயின், வகுப்பறைப் பாடம், சிமுலேற்றர் பயிற்சி, பரீட்சை என மீண்டும் கற்கவேண்டும். புதிதாகச் சேர்வோர் இச்செலவைத் தாமே ஏற்பது பல நாடுகளில் வழமையாகிவிட்டது. ஆனால், நிறுவனம் தன் தேவைக்காக விமானத்தை மாற்றும்போது, பணியிலிருப்பவரிடம் பணம் கேட்பது நியாயமா?

அயர்லாந்தில் 2004 ஆம் ஆண்டு இக்கேள்வி எழுந்தது. ரயன்எயார் நிறுவனம் டப்ளினில் போயிங் 737-200 விமானங்களை விலக்கி 737-800 விமானங்களைக் கொண்டுவந்தது. மாற்றுப் பயிற்சிக்கான செலவு 15,000 யூரோ. அதை நிறுவனமே ஏற்கும். ஆனால் ஐந்தாண்டுகளுக்குள் தொழிற்சங்கத்துடன் கூட்டுப்பேரம் பேச நிறுவனம் நிர்ப்பந்திக்கப்பட்டால், விமானிகள் அத்தொகையைத் திருப்பிச் செலுத்தவேண்டும் என நிபந்தனை விதிக்கப்பட்டது. பயிற்சிக் கட்டணம் இங்கே சங்கத்தைத் தடுக்கும் பூட்டாயிற்று. பிணக்கு தொழில் நீதிமன்றத்துக்குச் சென்றது. அங்கு பின்பற்றப்பட்ட நடைமுறை நியாயமானதல்ல என 2007 இல் உச்ச நீதிமன்றம் நிறுவனத்துக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. எனினும், வேலைநிறுத்த அச்சுறுத்தலின் முன்னே, 2017 டிசெம்பரில் விமானிகளின் சங்கங்களை அங்கீகரிக்க அந்நிறுவனம் இணங்கியது.

நிறுவனங்களின் கவலையை நாம் புறக்கணிக்கவில்லை. பயிற்றப்பட்டவர் உடனே விலகினால் நட்டம் அவர்களுக்கே. விமானத் தலைவர்கள் விலகுவதற்கு ஓராண்டு முன்னறிவித்தல் வேண்டுமென 2017 இல் இந்தியா விதித்ததும் இதனாலேயே. நமது பல்கலைக்கழக விரிவுரையாளர்களும் கற்கை விடுப்பில் வெளிநாடு செல்லுமுன் பிணை ஒப்பந்தத்தில் கையொப்பமிடுகிறார்கள். காலம் வரையறுக்கப்பட்டு, பணியாற்றிய காலத்துக்கேற்பத் தொகை குறைந்து, தாமாக விலகுவோரை மட்டும் கட்டுப்படுத்தும் பிணையை எவரும் குறைகூறார்.

அதற்கு அப்பால் செல்வது சுமையை இடம்மாற்றுவதேயாகும். நிறுவனத்தின் முடிவால் எழும் செலவு நிறுவனத்தையே சாரவேண்டும். காணியை ஈடுவைத்துப் பிள்ளையைப் படிப்பிக்கும் பெற்றோர், கல்விக் கட்டணத்தை மட்டுமன்றி, பின்னர் கையொப்பமிடவேண்டிய ஒப்பந்தத்தையும் இப்போதே விசாரித்தறிவது அவசியம்.