தட்டு வரைக்கும் வந்த சோறு: தொண்டையை மறந்த ஒரு வரலாறு

1/ சாப்பிடும்போது யாருக்காவது புரையேறினா, நம்ம ஊர்ல உச்சந்தலையில ரெண்டு தட்டு தட்டி "யாரோ உன்னை நினைக்கிறாங்க"ன்னு சொல்வோம். எப்பவாவது ஒரு தடவைன்னா சரி. எழுபத்தஞ்சு வயசு பாட்டிக்கு மூணு வேளையும் புரையேறுதுன்னா அது நினைப்பு இல்லைங்க, நோய். அதைப் பத்தின இழை இது. கொஞ்சம் நீளம். வரலாறும் இருக்கு, கடைசியில வீட்டுக்கும் முதியோர் இல்லத்துக்கும் ஆகுற விஷயமும் இருக்கு.

2/ முதல்ல அடிப்படை. கழுத்துக்குள்ள ரெண்டு குழாய். முன்னாடி மூச்சுக்குழாய், பின்னாடி உணவுக்குழாய். ஒவ்வொரு வாய் விழுங்கும்போதும் குரல்வளை மேலேறி, மூச்சுப்பாதை ஒரு நொடி மூடிக்கும். பக்கவாதம், பார்க்கின்சன், மறதி நோய் வந்தவங்களுக்கு இந்த மூடுற வேலை தாமதமாகும், அரைகுறையாகும். அப்போ சாப்பாடும் எச்சிலும் நுரையீரலுக்குள்ள இறங்கும். நிமோனியா வரும்.

3/ பக்கவாதம் வந்த முதல் சில நாள்ல கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு இந்தக் கோளாறு இருக்கும். இதுல சிலருக்கு இருமல்கூட வராது. சத்தமே இல்லாம உள்ள போகும். "நல்லாத்தான் சாப்பிட்டாரு டாக்டர், திடீர்னு காய்ச்சல், மூச்சு வாங்குது"ன்னு வர்ற கேஸ்ல பல இந்த வகை.

4/ இப்போ வரலாறு. ஏழைக்கும் முதியவருக்கும் கஞ்சி ஊத்துறதுல நமக்கு 240 வருஷத்துக்கு மேல பழக்கம் இருக்கு. 1782-ல் ஹைதர் அலி போரை ஒட்டி மெட்ராஸ்ல பஞ்சம். ராயபுரம் பக்கம் ஊர் மணியக்காரர் ஒருத்தர் கஞ்சி ஊத்த ஆரம்பிச்சார். மணியக்காரர் சத்திரம்னு பேர். ஆங்கிலேயர் வாயில அது "மோனிகர் சௌல்ட்ரி" ஆச்சு.

5/ 1799-ல் ஜான் அண்டர்வுட்ங்கிற மருத்துவர் அங்கேயே நோயாளிகளைப் பார்க்க ஒரு ஆஸ்பத்திரி தொடங்கினார். அதுல இருந்து வளர்ந்ததுதான் இன்னைக்கு இருக்குற ஸ்டான்லி அரசு மருத்துவமனை. வடசென்னைக்காரங்க அதை "கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி"ன்னு சொல்றதுக்குக் காரணம் இதுதான். சத்திரமும் போகல, ஆதரவில்லாத முதியவர்களுக்கான இல்லமா நிலைச்சிருச்சு. ஒரு பெரிய ஆஸ்பத்திரியும் ஒரு முதியோர் இல்லமும் ஒரே கஞ்சிப் பானையில இருந்து வந்திருக்கு.

6/ நம்ம மதுரைக்கும் ஒரு பேர் இருக்கு: குஞ்சரத்தம்மாள். 1876–78 தாது வருஷப் பஞ்சத்துல தன் சொத்தையெல்லாம் வித்து ஊருக்கே கஞ்சி ஊத்தினாங்கன்னு இன்னைக்கும் மதுரையில சொல்வாங்க.

7/ அதே பஞ்சத்துல டாக்டர் ஒருத்தர் போட்ட சண்டையும் முக்கியம். நிவாரண வேலை செய்யுற ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது சுமார் 450 கிராம் போதும்னு 1877-ல் சர் ரிச்சர்ட் டெம்பிள் கணக்குப் போட்டார். மெட்ராஸ் சுகாதார ஆணையரா இருந்த டாக்டர் கார்னிஷ் எதிர்த்தார். குறைஞ்சது ஒன்றரை பவுண்டு வேணும், அதோட காய்கறியும் புரதமும் வேணும்னார். வயிறு நிறையுறது வேற, உடம்பு தேறுறது வேறன்னு நம்ம மண்ணுல ஒரு அரசாங்க டாக்டர் எழுதி வச்சு கிட்டத்தட்ட 150 வருஷம் ஆச்சு.

8/ சுதந்திரத்துக்கு அப்புறம் 1962-ல் தமிழ்நாட்டுல முதியோர் ஓய்வூதியம் வந்துச்சு. மாசம் 20 ரூபாய். 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைக் குழந்தைகளுக்குக் கொண்டுவந்தார். 1983 ஜனவரியில் ஓய்வூதியம் வாங்குற முதியவர்களையும் அதுல சேர்த்தாங்க. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சாப்பிடுற அதே சத்துணவு மையத்துல தாத்தா பாட்டிக்கும் மதியச் சாப்பாடு. அது போக மாசாமாசம் அரிசி. ஓய்வூதியம் 2023-ல் 1,200 ரூபாய் ஆச்சு.

9/ இதெல்லாம் பெருமைப்பட வேண்டிய வரலாறு. ஆனா ஒண்ணு கவனிங்க. கஞ்சி, தானியம், பணம், அரிசி, மதியச் சோறு... எல்லாக் கணக்கும் தட்டோட முடிஞ்சுருது. தட்டுல இருந்து வயித்துக்குப் போற வழியில ஒரு தொண்டை இருக்கு. அதை யாரும் கணக்குல எடுக்கல.

10/ மருத்துவமும் தாமதமாத்தான் வந்துச்சு. ஆஸ்பத்திரியில மூக்கு வழியா போடுற "ரைல்ஸ் ட்யூப்" எல்லாருக்கும் தெரியும். லண்டன் கைஸ் ஆஸ்பத்திரி டாக்டர் ஜான் ரைல் 1921-ல் அந்தக் குழாயைப் பத்தி எழுதினது சோறு ஊட்டுறதுக்காக இல்லை. வயித்து அமிலத்தை எடுத்துச் சோதிக்க. வெளிய எடுக்க வந்த குழாய், பின்னாடி உள்ள ஊத்துற குழாயா மாறிருச்சு.

11/ வயசானவங்களுக்குன்னு தனி மருத்துவம் இந்தியாவுலயே தமிழ்நாட்டுலதான் வேர் விட்டுச்சு. டாக்டர் வி.எஸ்.நடராஜன் 1978-ல் சென்னை அரசு பொது மருத்துவமனையில முதியோருக்குத் தனி புறநோயாளிப் பிரிவு தொடங்கினார். 1996-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில முதியோர் மருத்துவத்துக்கு எம்.டி. படிப்பு வந்துச்சு. 2024 பிப்ரவரியில் கிண்டியில 200 படுக்கையோட தேசிய முதியோர் நல மருத்துவமனை திறந்தாச்சு.

12/ இனி சொல்லப்போறது கஷ்டமான பகுதி. 2010-ல் விருதுநகர் மாவட்டத்துல இருந்து வந்த செய்தி ஒண்ணு நாட்டையே உலுக்குச்சு. தன் முடிவை வீட்டுலயே பேசுறதைக் கேட்டு, எண்பது வயசைத் தொட்ட ஒரு பெரியவர் தப்பிச்சுப் போயிட்டார். "தலைக்கூத்தல்"ங்கிற வார்த்தை அப்போதான் வெளியூர் பத்திரிகைக்குப் போச்சு. விருதுநகர், மதுரை, தேனிப் பக்கத்து ஆளுங்களுக்கு அது புது வார்த்தை இல்லை. "பாரம்", "கே.டி. (எ) கருப்புதுரை" படங்கள் இதைப் பத்தினதுதான்.

13/ இதுல பால் ஊத்துற கட்டம் ஒண்ணு உண்டு. பாலுக்குள்ள விஷம் எதுவும் கிடையாது. விழுங்க முடியாதவங்க வாயில ஊத்தினா அது வயித்துக்குப் போகாது, நுரையீரலுக்குப் போகும். அவ்வளவுதான். சட்டப்படி அது கொலை. செஞ்சவங்க பேர்ல கோபப்படுறது சுலபம். ஆனா மாசக்கணக்கா படுத்த படுக்கையா இருக்கிறவரைக் கூலி வேலைக்குப் போற குடும்பம் எப்படிப் பார்த்துக்கும்னு யாரும் அவங்களுக்குச் சொல்லிக் கொடுக்கல, கைகொடுக்கவும் இல்லை.

14/ நான் இதை இங்க சொல்றதுக்குக் காரணம் வேற. மல்லாக்கப் படுக்க வச்சு, பாசத்தோட, "ஒரு வாய் குடிங்கப்பா"ன்னு டம்ளர்ல பால் ஊத்துற மகளும் இருக்காங்க. இருபது பேருக்கு ஒரே ஆள் அவசர அவசரமா ஊட்டுற இல்லமும் இருக்கு. அவங்க நோக்கம் முழுக்க நல்லது. ஆனா நோக்கம் என்னன்னு நுரையீரலுக்குத் தெரியாது.

15/ அப்போ ட்யூப் போட்டுட்டா சரியாப் போயிருமா? பக்கவாதத்துல சில வாரம் ட்யூப் தேவைப்படும், அது உயிரைக் காப்பாத்தும். ஆனா முத்தின மறதி நோயில ட்யூப் ஆயுளைக் கூட்டுறதில்லை, நிமோனியாவையும் தடுக்கிறதில்லை. அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் 2014-ல் இதைத் தெளிவாச் சொல்லி, கையால நிதானமா ஊட்டுறதையே பரிந்துரைச்சது. எச்சில் எப்படியும் இறங்கிட்டுத்தானே இருக்கும்.

16/ அந்த எச்சில்ல என்ன இருக்குங்கிறதுதான் விஷயம். ஜப்பான்ல 11 முதியோர் இல்லங்கள்ல ரெண்டு வருஷம் ஒரு ஆய்வு பண்ணி 2002-ல் வெளியிட்டாங்க. ஒரு பாதிப் பேருக்கு ஒவ்வொரு சாப்பாட்டுக்கு அப்புறமும் பல் துலக்கி விட்டாங்க. துலக்காதவங்கள்ல 19 சதவீதம் பேருக்கு நிமோனியா, துலக்கினவங்கள்ல 11 சதவீதம். பெரிய மருந்து எதுவும் இல்லை. பிரஷ்தான்.

17/ நம்ம கஞ்சிக்கு வருவோம். கஞ்சித் தண்ணியில பருக்கை மிதக்குது பாருங்க, விழுங்கக் கஷ்டப்படுறவங்களுக்கு அந்தக் கலவைதான் ரொம்பக் கஷ்டம். தண்ணி முதல்ல ஓடிரும், பருக்கை பின்னாடி நிக்கும். ரசம் சோறு, சேமியா பாயசம் எல்லாம் அதே ரகம். வெறும் தண்ணியும் வேகமா ஓடுறதால ஆபத்து. நம்ம ஊர் பருத்திப்பால் பதம் மெதுவா இறங்கும். பல பேருக்கு அது சுலபம்.

18/ பானம், உணவு ரெண்டையும் சேர்த்து 0-ல இருந்து 7 வரைக்கும் பதம் பிரிக்கிற சர்வதேச அளவுகோல் ஒண்ணு இப்போ இருக்கு. பானத்தோட பதத்தை 10 மி.லி. சிரிஞ்சுலயே சோதிச்சுடலாம். யாருக்கு எந்தப் பதம்னு ஸ்பீச் தெரபிஸ்ட் பார்த்துச் சொல்வாங்க. நீங்களா எல்லாத்தையும் கெட்டியாக்காதீங்க. கெட்டியானா குடிக்கிறது குறையும், நீர்ச்சத்து இறங்கும்.

19/ சத்து? வயசானவங்களுக்கு எடைக்கு ஒரு கிலோவுக்கு குறைஞ்சது 1 கிராம் புரதம் வேணும். சிறுநீரகக் கோளாறு இருந்தா டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க. 50 கிலோ பாட்டிக்கு 50 கிராம். 100 கிராம் அரிசியில இருக்கிறது சுமார் 8 கிராம்தான். கார்னிஷ் சொன்னது இன்னும் மாறல. கஞ்சியோட பருப்பு, பொட்டுக்கடலை மாவு, தயிர், குழைய வேக வச்ச முட்டை சேர்த்து, மிக்ஸியில கட்டியில்லாம அடிச்சுக் கொடுங்க.

20/ கவனிக்க வேண்டிய அறிகுறிகள்:
சாப்பிடும்போதோ குடிச்ச உடனேயோ இருமல்.
குடிச்சதும் குரல் ஈரமா, கொழகொழன்னு மாறுறது.
சாப்பாடு கன்னத்துலயே தங்குறது.
ஒரு வேளைச் சாப்பாடு அரை மணி நேரத்துக்கு மேல இழுக்குறது.
அடிக்கடி காய்ச்சல், சளி.
ஒரு மாசத்துல 5 சதவீதம் எடை குறையுறது.
இதுல ஒண்ணு இருந்தாலும் டாக்டர்கிட்ட காட்டுங்க.

21/ ஊட்டும்போது: நேரா உக்கார வைங்க. டிவியை நிறுத்துங்க. சின்ன ஸ்பூன். முதல் வாய் இறங்கினதைப் பார்த்துட்டு அடுத்த வாய். தூக்கக் கலக்கத்துல ஊட்டவே கூடாது. சாப்பிட்டு அரை மணி நேரம் உக்கார்ந்தே இருக்கட்டும். பல்செட்டை ராத்திரி கழட்டிக் கழுவி வைங்க. புரையேறினா உடனே தண்ணி ஊத்தாதீங்க, இருமி முடிக்கட்டும். பேச்சும் இருமலும் வராம திணறினா முதுகுல ஓங்கித் தட்டுங்க, 108 கூப்பிடுங்க.

22/ 2021-ல் தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் மூலமா பிரஷர், சுகர் மாத்திரையும் பிசியோதெரபியும் வீட்டு வாசலுக்கே வருது. வர்றவங்ககிட்ட "இவருக்குப் புரையேறுது, எடை குறையுது"ன்னு நீங்களே சொல்லுங்க. கேட்டாத்தான் அடுத்த கட்டத்துக்கு அனுப்புவாங்க.

23/ கடைசியா ஒண்ணு. பிறந்தநாள், அப்பா அம்மா திதின்னா முதியோர் இல்லத்துல வடை பாயசத்தோட ஒரு வேளைச் சாப்பாடு போடுறது நம்ம ஊர் வழக்கம். நல்ல வழக்கம், விட்டுராதீங்க. ஆனா போறதுக்கு முன்னாடி ஒரு போன் போட்டு, "இங்க எத்தனை பேருக்கு விழுங்கச் சிரமம் இருக்கு? அவங்களுக்கு என்ன பதத்துல கொடுப்பீங்க?"ன்னு கேளுங்க. பதில் தெரியலைன்னா அந்த வருஷம் வடைக் காசுல ஒரு மிக்ஸி, ஒரு எடை மெஷின், ஆளுக்கு ஒரு பல் பிரஷ் வாங்கிக் கொடுங்க. ஒரு மணி நேரம் இருந்து யாராவது ஒருத்தருக்கு நிதானமா ஊட்டிட்டும் வாங்க.

தெரிஞ்சவங்களுக்கு அனுப்புங்க. சந்தேகம் இருந்தா கேளுங்க, டியூட்டி முடிஞ்சதும் பதில் சொல்றேன்.