ஸ்பானர் பிடித்த கைக்கு கேட் ரிஜிஸ்டர்

ராஜகீழ்ப்பாக்கம், சேலையூர், செம்பாக்கம் வட்டாரத்தில் மனை வாங்கிக் குடியேறிய விமானப்படைக்காரர்கள் ஏராளம். 1954ல் விமானப்படையின் பறத்தல் பயிற்றுநர் பள்ளி அம்பாலாவிலிருந்து தாம்பரத்துக்கு வந்தது. அன்று முதல் இங்கே போஸ்டிங்கில் வந்து, பிள்ளைகளை இங்கேயே பள்ளியில் சேர்த்து, கடைசியில் இங்கேயே தங்கிவிட்டவர்கள் தலைமுறை தலைமுறையாக உண்டு. நானும் அந்த ரகம்தான். கேன்டீன் பக்கம், தலைக்கு மேலே கிரண் விமானச் சத்தம், கடன் வாங்கிக் கட்டிய வீடு.

ஒரு விஷயம் மட்டும் வெளியாட்களுக்கு விளங்குவதில்லை. 'ரிட்டயர்டு' என்றதும் நரைத்த தலையைத் தேடுவார்கள். பதினெட்டு வயதில் ஏர்மேனாகச் சேர்ந்து இருபது வருஷம் முடித்து நான் வெளியே வந்தபோது எனக்கு முப்பத்தெட்டு. மகள் நான்காம் வகுப்பு. தரைப்படைச் சிப்பாய் இன்னும் சீக்கிரமே வந்துவிடுவார். பென்ஷன் அரிசி பருப்புக்கு ஆகும், வீட்டுக் கடனுக்கு ஆகாது. ஆக, இரண்டாவது வேலை என்பது எங்களுக்கு விருப்பமல்ல, கணக்கு.

ஜி.எஸ்.டி. சாலையோரம் ஒரு தொழிற்சாலைக்குப் போனேன். பெயர் வேண்டாம், இப்போது அது அங்கே இல்லை. பர்சனல் ஆபீசர் என் டிஸ்சார்ஜ் புக்கைப் புரட்டினார். டிரேடு: இன்ஜின் ஃபிட்டர். "ஐ.டி.ஐ. சர்டிபிகேட் இருக்கா சார்?" என்றார். இல்லை என்றேன். பட்டாளத்துக்காரர் என்பதால் மரியாதையாகவே பேசினார். டீ வரவழைத்தார். "செக்யூரிட்டி சூப்பர்வைசர் போஸ்ட் ஒண்ணு காலியா இருக்கு, உங்களை மாதிரி ஆளுங்கதான் அதுக்கு லாயக்கு" என்றார். சேர்ந்துவிட்டேன்.

அந்த ஐ.டி.ஐ. கேள்வியில் இருக்கும் வேடிக்கை எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. இரண்டாம் உலகப் போரில் இந்திய ராணுவத்தில் இருந்தவர்கள் இருபத்தைந்து லட்சத்துக்கும் மேல். பஞ்சாபுக்கு அடுத்தபடி அதிகம் ஆள் கொடுத்தது சென்னை மாகாணம். போர் முடியப்போகிறது, இத்தனை பேரும் ஊர் திரும்பினால் என்ன செய்வார்கள் என்ற கவலையில் வெள்ளைக்கார அரசு 1945 ஜூலையில் மறுவாழ்வு மற்றும் வேலைவாய்ப்புத் தலைமை இயக்குநரகம் என்று ஒன்றைத் தொடங்கியது. படையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களுக்கும், போர்க்காலத் தொழிற்சாலைகளிலிருந்து நிறுத்தப்பட்டவர்களுக்கும் வேலை தேடித் தருவதும் தொழில் பழக்குவதும்தான் அதன் பொறுப்பு. நம் ஊர் இளைஞர்கள் பதிவு எண்ணோடு வருஷக்கணக்கில் காத்திருந்த எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்ச் அப்படிப் பிறந்ததுதான். 1948ல்தான் அது எல்லோருக்கும் திறந்தது. 1950ல் கைவினைஞர் பயிற்சித் திட்டத்தைக் கொண்டுவந்து ஐ.டி.ஐ.க்களுக்கு வழி போட்டதும் இதே இயக்குநரகம். சிப்பாய்க்காகப் போட்ட பாதையில் ஊரே நடந்து போயிற்று, அது நல்லதுதான். ஆனால் அந்தப் பாதையின் சுங்கச்சாவடியில் சிப்பாயையே நிறுத்திச் சீட்டு கேட்டார்கள்.

விமானப்படையில் வேலை முடிந்ததும் கருவிப் பலகையில் ஒவ்வொரு ஸ்பானரின் உருவமும் வரைந்திருக்கும் இடத்தில் அதை மாட்டவேண்டும். ஒரு இடம் காலியாக இருந்தாலும் அந்த விமானம் பறக்காது. ராத்திரி இரண்டு மணியானாலும் டார்ச் அடித்துக்கொண்டு தேடுவோம். போல்ட்டை முறுக்கியபின் லாக் ஒயர் போடும்போது, அது தளர்கிற திசைக்கு எதிராக இழுக்கிறதா என்று இன்னொருவர் பார்த்துக் கையெழுத்திடுவார். இந்தப் பழக்கமெல்லாம் மெஷின் ஷாப்புக்குத் தங்கம். ஷாப்போ கேட்டிலிருந்து கூப்பிடு தூரம். நான் லாரி நம்பர், உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம் எழுதிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் தொழிலாளியின் சாப்பாட்டுப் பையைத் திறந்து பார்ப்பதுதான் எனக்கு ஆகவே ஆகாத வேலை. அவன் மூஞ்சியையும் பார்க்க முடியாது, பையையும் பார்க்க முடியாது.

ஷாப்புக்குள்ளேயே போனவர்களும் எங்கள் தெருவில் இருந்தார்கள். அவர்கள் போனது ஆவடிக்கு. 1961ல் பிரிட்டனின் விக்கர்ஸ் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டுக் கனரக வாகனத் தொழிற்சாலை அமைந்தது. 1965 டிசம்பரில் முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. அதன் லேலண்ட் எல்-60 இன்ஜின் ஒரு விசித்திரம். ஆறு சிலிண்டருக்குப் பன்னிரண்டு பிஸ்டன், எதிரெதிராக ஓடும். டாங்கிக்காரர்களை அது படுத்திய பாடு கொஞ்சமல்ல. எதிர் வீட்டு அண்ணன், தரைப்படையின் இயந்திரப் பராமரிப்புப் பிரிவான இ.எம்.இ.யிலிருந்து வந்தவர், அங்கே சேர்ந்தார். விடியற்காலை தாம்பரத்தில் மீட்டர்கேஜ் ரயில் பிடித்து, பார்க்கில் இறங்கி, சென்ட்ரலுக்கு ஓடி, பட்டாபிராம் மிலிட்டரி சைடிங் வண்டியைப் பிடிப்பார். வருவது இருட்டிய பிறகு. ஆனாலும் சட்டையில் கிரீஸ் கறையோடு வருகிற அவரைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும்.

ஆவடி எங்கள் மேல் பாசம் வைத்து ஆள் எடுக்கவில்லை. விதி இருந்தது. மத்திய அரசுத் துறைகளில் குரூப் சி பணியிடங்களில் 10 சதவீதம், குரூப் டி-யில் 20 சதவீதம் முன்னாள் படைவீரருக்கு. பொதுத்துறை நிறுவனங்களிலும் வங்கிகளிலும் அது 14.5, 24.5. ஊனமுற்ற வீரர்களுக்கும் போரில் இறந்தவர் குடும்பத்துக்குமான 4.5 அதற்குள் அடக்கம். உண்மை வயதிலிருந்து படையில் இருந்த வருஷங்களைக் கழித்துவிடுவார்கள், மீதி, உச்ச வயதை மூன்று வருஷத்துக்குமேல் தாண்டாவிட்டால் போதும். அந்தக் கணக்கில் எனக்குப் பதினெட்டு! மெட்ரிக் முடித்துப் பதினைந்து வருஷம் சேவை செய்தவரைப் பட்டதாரிக்குச் சமமாக ஏற்கும் ஆணை 1986ல் வந்தபின் பலபேர் வங்கிக்குப் போனார்கள். மிக்-21 இன்ஜினைப் பிரித்துப் பூட்டிய என் நண்பர் பாஸ்புக்கில் என்ட்ரி போட்டே அறுபதைத் தொட்டார். ஒதுக்கீடு காகிதத்தில் இருந்த அளவுக்கு ஒருநாளும் நிரம்பியதில்லை என்பது வேறு கதை.

தனியார் ஆலைகளை இங்கே எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. பிரிட்டனில் முதல் உலகப் போர் முடிந்த கையோடு, 1919லேயே, ஊனமுற்ற வீரர்களை வேலைக்கு வைக்கும் முதலாளிகளின் பெயரை அரசர் பெயரிலான பட்டியலில் சேர்த்துக் கௌரவித்தார்கள். 1944ல் சட்டமே போட்டார்கள், இருபது பேரோ அதற்கு மேலோ உள்ள கம்பெனி ஊனமுற்றோருக்கு ஒரு பங்கு கொடுத்தாக வேண்டும் என்று. நம்மிடம் 1917ல் பம்பாயில் தொடங்கி, பிறகு புனே அருகே கிர்க்கிக்கு மாறிய குயின் மேரி தொழிற்பள்ளி உண்டு. கால் இழந்த, கை இழந்த சிப்பாய்களுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தது. கற்ற தொழிலை யார் வாங்குவது என்பதைச் சொல்லும் சட்டம்தான் வரவில்லை.

தமிழக அரசு 1986ல் டெக்ஸ்கோவைத் தொடங்கியது. முன்னாள் படைவீரர்களை வேலைக்கு அனுப்பும் கழகம். பெரும்பாலும் காவல் வேலைக்கு. குறை சொல்ல மனம் வரவில்லை, காலாட்படையிலிருந்து வந்து கிராமத்தில் சும்மா உட்கார்ந்திருந்த எத்தனையோ பேருக்கு அது சோறு போட்டிருக்கிறது. ஆனால் பட்டாளத்தான் என்றால் காவல்காரன் என்ற நினைப்பை அரசாங்கமே முத்திரை குத்திக் கொடுத்த மாதிரியும் ஆயிற்று.

2008ல் ஆறாவது ஊதியக் குழு அமலானபோது குரூப் டி என்ற வகையே குரூப் சி-யில் கரைந்தது. அந்தக் கடைநிலை வேலைகளை கான்ட்ராக்டுக்கு விடுவதும் வழக்கமாகிவிட்டது. 2021 அக்டோபரில் ஆவடி ஆலை, ஆர்மர்டு வெஹிகிள்ஸ் நிகாம் என்ற அரசு நிறுவனத்தின் கீழ் போனது. அடுத்த வருஷம் படைக்கு ஆள் எடுப்பதில் அக்னிபத் திட்டம் வந்தது. நான்கு வருஷ சேவை, நான்கில் ஒருவர்தான் தொடர முடியும். கூச்சல் கிளம்பியதும், பாதுகாப்பு அமைச்சகம் தன் சிவில் பணியிடங்களிலும் பாதுகாப்புத் துறை நிறுவனங்கள் பதினாறிலும் அக்னிவீரர்களுக்கு 10 சதவீதம் என்று அறிவித்தது. ஆவடியும் அதில் சேர்த்தி.

அடுத்த தெருப் பையன் ஒருவன் அக்னிவீரனாகப் போனவன், லீவில் வந்திருக்கிறான். "டிரேடு என்னப்பா?" என்றேன். "காலாட்படை தாத்தா, டிரேடெல்லாம் இல்ல" என்றான். லைட் லைசென்ஸ் கையில் இருக்கிறதாம். லீவு முடிவதற்குள் ஹெவிக்கு எல்.எல்.ஆர். போட்டுவிடச் சொல்லியிருக்கிறேன். திங்கட்கிழமை தாம்பரம் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு நானும் கூடப் போகிறேன்.