டயாக்ஸின்: கண்ணுக்குத் தெரியாத நஞ்சு

1976 ஜூலை 10, சனிக்கிழமை. இத்தாலியின் மிலான் நகருக்கு வடக்கே மேடா என்ற ஊரில் இருந்த இக்மேசா ரசாயனத் தொழிற்சாலையில் வார விடுமுறைக்காக உற்பத்தி நிறுத்தப்பட்டிருந்தது. ஆனால் உலைக்குள் வெப்பம் தானாகவே ஏறிக்கொண்டிருந்தது. நண்பகலில் பாதுகாப்புத் தகடு உடைந்து, கிளம்பிய புகை மண்டலம் பக்கத்து ஊரான செவெசோவின் மீது படிந்தது.

அந்தப் புகையில் டயாக்ஸின் கலந்திருந்தது. இது மக்களுக்குத் தெரியவரவே ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. அதற்குள் முயல்களும் கோழிகளும் செத்து விழுந்தன. குழந்தைகளின் முகத்தில் குளோர்ஆக்னி எனும் கொப்புளங்கள் தோன்றின. மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட பகுதியிலிருந்து 700க்கும் மேற்பட்டோரை வெளியேற்றும் பணி இரண்டு வாரம் கழித்தே தொடங்கியது. உணவுச் சங்கிலியில் நஞ்சு பரவாமலிருக்கப் பல்லாயிரம் கால்நடைகளும் கோழிகளும் கொல்லப்பட்டன.

டயாக்ஸினை யாரும் வேண்டுமென்று தயாரிப்பதில்லை. குளோரின் கலந்த பொருட்களைத் தயாரிக்கும்போதும் எரிக்கும்போதும் அது தானாக உருவாகும் கழிவு. வியட்நாம் போரில் அமெரிக்கா தெளித்த ஏஜென்ட் ஆரஞ்ச் களைக்கொல்லியிலும் இதே நஞ்சுதான் கலந்திருந்தது.

நீரில் எளிதில் கரையாது, கொழுப்பில் கரையும். ஆபத்து இங்கேதான். புல்லில் படிவது மாட்டின் கொழுப்புக்கும் பாலுக்கும் போய், கடைசியில் நம் உடலில் தங்குகிறது. மனிதர்களுக்குச் சேரும் டயாக்ஸினில் 90 சதவீதத்துக்கும் மேல் இறைச்சி, பால், மீன் போன்ற உணவு வழியாகவே வருவதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. உடலில் சேர்ந்ததில் பாதி குறையவே 7 முதல் 11 ஆண்டுகள் வரை ஆகும். நீண்ட காலம் சேர்ந்தால் நோய் எதிர்ப்புச் சக்தி, ஹார்மோன்கள், கருவின் வளர்ச்சி ஆகியவை பாதிக்கப்படலாம். இவ்வகையில் மிகக் கொடிய டி.சி.டி.டி.யை, சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997ல் மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என வகைப்படுத்தியது.

தாய்ப்பாலிலும் சிறிதளவு இருக்கும். அதற்காகப் பால் கொடுப்பதை நிறுத்தக் கூடாது. தாய்ப்பாலின் நன்மை அதைவிடப் பன்மடங்கு பெரிது.

பெரிய ஆலைகளைப் பற்றி மட்டும் பேசிப் பயனில்லை. முறையான குப்பை எரிப்பு உலைகளில் டயாக்ஸினை அழிக்க 850 டிகிரி செல்சியசுக்கு மேல் வெப்பம் தேவை. கொல்லைப்புறத்தில் மூட்டும் தீ அந்தச் சூட்டை எட்டாது. பி.வி.சி. குழாய், ரெக்சின், செம்பு எடுப்பதற்காகக் கொளுத்தப்படும் பழைய மின்வயர் ஆகியவை இப்படிப் புகைந்து எரியும்போதுதான் டயாக்ஸின் அதிகம் உருவாகிறது. அந்தச் சாம்பல் விழுந்த மண்ணைக் கிளறி மேயும் நாட்டுக்கோழியின் முட்டையிலும் அது சேரும்.