நாடு என்பது யாது?

பெங்களூரில் வாழும் தமிழரிடம் ‘உங்கள் நாடு எது?’ என்று வினவினால், சிலர் தமிழ்நாடு என்பர். சிலர் இந்தியா என்பர். இங்கேயே பிறந்து வளர்ந்த இளைஞரோ விடை கூறத் தயங்குவர். ஒரே சொல் பல பொருளில் வழங்குவதே இத்தயக்கத்திற்குக் காரணம். நாம் குடியிருக்கும் மண்ணின் வரலாறே இதற்குத் தெளிவு தரும்.

பண்டைக் காலத்தில் ‘நாடு’ என்பது ஊர்கள் சில சேர்ந்த வட்டத்தையும் குறித்தது. தொம்மலூர்ச் சொக்கப்பெருமாள் கோயிலின் தமிழ்க் கல்வெட்டுகளில் அவ்வூர், இலைப்பாக்க நாட்டுத் தொம்பலூர் எனக் காணப்படுகிறது. அவ்விலைப்பாக்க நாடு பேரரசின் ஓர் உட்பிரிவே. ஆகவே, நாடு எனப் பெயர் பெற்றதெல்லாம் தனிநாடு ஆகிவிடாது.

பின், தனிநாட்டின் இலக்கணந்தான் யாது? 1933-ஆம் ஆண்டு மான்டிவிடியோ நகரில் அமெரிக்கக் கண்டத்து அரசுகள் செய்துகொண்ட உடன்படிக்கை நான்கினைக் கூறிற்று: நிலைத்த மக்கள், வரையறுத்த நிலப்பரப்பு, அரசாங்கம், பிற அரசுகளோடு உறவுகொள்ளும் ஆற்றல்.

இவ்வளவுகோலால் மைசூரை அளந்து பார்ப்போம். திப்பு சுல்தான் கான்ஸ்டாண்டிநோபிளுக்கும் பிரான்சுக்கும் தூதர்களை அனுப்பினார். 1799-இல் அவர் வீழ்ந்தபின் அமைந்த சமஸ்தானத்திற்கு அவ்வுரிமை இல்லை. 1831 முதல் 1881 வரை ஆட்சியே ஆங்கிலேயர் கையில் இருந்தது. மன்னரிடம் ஆட்சி மீண்டபின் பிரதிநிதித்துவ சபை கூடிற்று. 1902-இல் சிவசமுத்திரத்து மின்சாரம் கோலார்த் தங்கவயலை எட்டிற்று. மக்கள், எல்லை, அரசாங்கம் ஆகிய மூன்றும் சிறப்புற அமைந்தும், நான்காவது இன்மையால் மைசூர் தனிநாடு ஆகவில்லை.

நம் தண்டுப் பகுதியின் வரலாறும் நோக்கத்தக்கது. 1809-இல் இங்குப் படைவீடு அமைந்தபோது தமிழரும் வந்து குடியேறினர். 1864-இல் சோலையார்பேட்டையிலிருந்து புகைவண்டிப் பாதை திறக்கப்பட்டபின் அவ்வரவு எளிதாயிற்று. 1881 முதல் பேட்டை மன்னர் ஆட்சியிலும், தண்டு ஆங்கிலேயர் ஆட்சியிலும் இருந்தன. 1947 ஜூலையில் தண்டு மைசூரிடம் மீண்டது. 1949-இல் இரண்டும் ஒரே மாநகராட்சி ஆயின. ஆட்சிகள் மாறின, நம் முன்னோர் தம் வீட்டிலேயே இருந்தனர்.

இன்று மாநிலங்களின் எல்லையையும் பெயரையும் மாற்றும் அதிகாரம் இந்திய நாடாளுமன்றத்திற்கு உண்டு. சென்னை மாநிலம் 1969-இல் தமிழ்நாடு ஆயிற்று; மைசூர் மாநிலம் 1973-இல் கர்நாடகம் ஆயிற்று. கன்னடரும் தம் மண்ணை ‘நாடு’ என்றே போற்றுவர். இங்கு அச்சொல் மொழியாலும் அன்பாலும் அமைந்த தாய்மண்ணைக் குறிக்கும். கடவுச்சீட்டுக் கேட்கும் எல்லையைக் குறியாது.

1991 டிசம்பரில் காவிரிச் சிக்கலை ஒட்டி இந்நகரில் தமிழர் தாக்கப்பட்டனர். ‘நாம் வேற்றுநாட்டாரோ?’ என்னும் ஐயம் அன்று நம்மிடையே எழுந்ததில் வியப்பில்லை. ஆயின், இந்தியாவின் எப்பகுதியிலும் குடியமரும் உரிமையை அரசியலமைப்பின் 19-ஆம் பிரிவு குடிமக்களுக்கு வழங்கியுள்ளது. எனவே நாம் இங்கு அயலாரும் அல்லோம், விருந்தினரும் அல்லோம்.

உரிமையைச் சட்டம் தரும். உறவை நாமே வளர்த்தல் வேண்டும். பல்லாண்டுகள் மூடிக்கிடந்த அல்சூர்த் திருவள்ளுவர் சிலை 2009 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அதே திங்களில் சென்னையில் கன்னடப் புலவர் சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. அந்நெறியே நமக்கும் உரியது. நம் நாடு இந்தியா; நம் மொழியின் தாயகம் தமிழகம்; நாம் வாழும் மண் கர்நாடகம். இம்மூன்றும் ஒன்றோடொன்று முரண்படுவன அல்ல என்பதை நம் பிள்ளைகளுக்கு உணர்த்துவோமாக.