அரிய சொல்லைத் தேடியவர்கள்

1604இல் லண்டனில் ஒரு சின்னப் புத்தகம் வெளிவந்தது. தொகுத்தவர் ராபர்ட் காட்ரி என்ற பள்ளி ஆசிரியர். சுமார் 2,500 சொற்கள், ஒவ்வொன்றுக்கும் ஓரிரு சொல்லில் பொருள். லத்தீன், கிரேக்கம், பிரெஞ்சிலிருந்து வந்து சாதாரண வாசகரை மிரட்டிய சொற்களுக்குத்தான் அதில் இடம். எல்லோருக்கும் தெரிந்த சொல்லுக்கு அகராதி எதற்கு என்பது அன்றைய நினைப்பு. ஆங்கிலச் சொல்லுக்கு ஆங்கிலத்திலேயே பொருள் சொன்ன முதல் அகராதி என்று இதைச் சொல்வார்கள். முதல் பதிப்பில் மிஞ்சியது ஒரே பிரதி. அது ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது.

அந்த நினைப்பைப் புரட்டிப்போட்டவர்களில் சாமுவேல் ஜான்சன் முக்கியமானவர். 1755இல் வந்த அவருடைய அகராதியில் 42,000க்கும் மேற்பட்ட சொற்கள். ஆனால் அவரைப் படாதபாடு படுத்தியவை 'டேக்' போன்ற துக்கடாச் சொற்கள். அந்த ஒரு வினைச்சொல்லுக்கே 134 பொருள்களைப் பிரித்துக் காட்டினார். எளிய சொல்லை விளக்குவது எவ்வளவு கடினம் என்பதற்கு அவரே சாட்சி: 'நெட்வொர்க்' என்பதற்கு அவர் எழுதிய விளக்கத்தைப் புரிந்துகொள்ள, அகராதியை இன்னும் இரண்டு முறை புரட்ட வேண்டியிருந்தது!

1879இல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் பொறுப்பை ஏற்ற ஜேம்ஸ் மர்ரே, வேலையை ஊர்கூடித் தேர் இழுப்பதாக மாற்றினார். புத்தகங்களைப் படித்து, சொற்கள் ஆளப்பட்ட இடங்களைக் குறித்து அனுப்புமாறு பொதுமக்களைக் கேட்டுக்கொண்டார். அரைத்தாள் அளவுத் துண்டுச் சீட்டின் மேல் மூலையில் சொல். அதன்கீழ் ஆண்டு, ஆசிரியர், நூல், பக்கம். பிறகு அந்த வாக்கியம். தோட்டத்தில் போட்ட தகரக் கொட்டகையில், புறாக்கூண்டு போன்ற அறைகளில் சீட்டுகள் குவிந்தன. உதவியாளர்கள் அவற்றைக் கால வரிசையில் அடுக்கி, பொருள் மாறும் இடத்தில் தனிக் கட்டாகப் பிரித்தார்கள்.

அங்கும் பழைய கோளாறு தலைகாட்டியது. வாசகர்களின் கண்ணில் பட்டதெல்லாம் விநோதமான சொற்கள். வழக்கொழிந்த 'அப்யூஷன்' என்ற சொல்லுக்கு ஏறக்குறைய 50 சீட்டுகள் வந்திருந்தன; எல்லோரும் பேசும் 'அப்யூஸ்' என்பதற்கு ஐந்துகூடத் தேறவில்லை என்று மர்ரே குறைபட்டுக்கொண்டார். விடுபட்டவற்றை அவருடைய குழுவே தேடிப்பிடிக்க வேண்டியதாயிற்று.

மர்ரே 1915இல் காலமானார். அகராதி 1928இல்தான் நிறைவடைந்தது: 4,14,825 சொற்கள், 18 லட்சத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்கள்.

1989இல் வந்த இரண்டாம் பதிப்பில் 'செட்' என்ற மூன்றெழுத்துச் சொல் 430 பொருள்களோடு முதலிடத்தில் இருந்தது. இப்போது அந்த இடம் 'ரன்' என்பதற்கு. ஆள் ஓடுவது, ஆறு ஓடுவது, கடை நடத்துவது, தேர்தலில் நிற்பது, துணியில் சாயம் கசிவது என்று வினைச்சொல்லாக மட்டும் 645 பொருள்கள். அவற்றை வகைப்படுத்தி எழுத ஆக்ஸ்ஃபோர்டின் அகராதியியலாளர் பீட்டர் கில்லிவருக்கு ஒன்பது மாதங்களுக்கு மேல் பிடித்தது.