காயம் ஆறிய பின்னும் வலிப்பது ஏன்? மறுவாழ்வு மருத்துவத்தில் நரம்பு மண்டலத்தின் பங்கு

ஆழ்வார்குறிச்சி, கடையம், முக்கூடல் பக்கத்துத் தெருக்களில் பகல் வேளையில் நடந்தால் வீட்டு வாசல்களில் பீடி சுற்றும் பெண்களைப் பார்க்கலாம். தரையில் உட்கார்ந்து, சொளகை மடியில் ஏந்தி, தலையைக் கவிழ்த்தபடி மணிக்கணக்கில் இலை வெட்டி, தூள் நிரப்பி, நூல் கட்டும் வேலை. கழுத்துவலியும் இடுப்புவலியும் அறியாதவர்கள் அந்தத் தொழிலில் குறைவு. வலி நாள்பட்டால் முதலில் எண்ணெய்த் தேய்ப்பு, பிறகு மாத்திரை, ஊசி, கடைசியில் தென்காசிக்கோ திருநெல்வேலிக்கோ போய் ஒரு ஸ்கேன். ‘டிஸ்க் விலகியிருக்கு’, ‘எலும்பு தேஞ்சிருச்சு’ என்ற சொற்களோடும் இடுப்பில் ஒரு பெல்ட்டோடும் பலர் வீடு திரும்புகிறார்கள். குனியாதே, தூக்காதே, படுத்திரு என்ற அறிவுரையும் கூடவே வருகிறது.

இந்த வழக்கம் முழுவதும் ஓர் அனுமானத்தின் மேல் நிற்கிறது. உடலில் சேதம் எவ்வளவோ அவ்வளவுதான் வலி; சேதத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்தால் வலி நீங்கும் என்பதே அது. பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் டெக்கார்ட்டின் நூலொன்று 1664இல், அவர் மறைந்த பிறகு வெளிவந்தது. வலியைக் கயிற்றின் ஒரு முனையை இழுத்தால் மறுமுனையில் அடிக்கும் மணியாக அது விளக்கியது. மருத்துவ உலகம் மூன்று நூற்றாண்டுகள் இந்த விளக்கத்திலேயே காலம் கழித்தது.

அந்த அனுமானம் தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம். சேதத்தையும் வலியையும் இணைப்பது நரம்பு மண்டலம். அது செய்திகளைக் கூட்டும், குறைக்கும், சில வேளை தானாகவே உண்டாக்கும். ஆகவே காயத்துக்குச் செய்யும் சிகிச்சை நரம்பு மண்டலத்தின் பயிற்சி வரை நீள வேண்டும். இதற்கான வலுவான சான்றுகளில் சில தமிழ் மண்ணிலேயே கிடைத்தவை.

வேலூரில் கிடைத்த பாடம்

1914இல் கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட், 1946இல் அறுவை மருத்துவராக வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயில் சதை அழுகி விரல்கள் உதிர்கின்றன என்றே அன்று மருத்துவர்களும் நம்பினார்கள். நோயாளிகளின் கைகளைக் கூர்ந்து ஆராய்ந்த பிராண்ட் வேறொன்றைக் கண்டார். அந்தத் திசுக்கள் மற்றவர்களுடையவை போலவே ஆறக்கூடியவை. நோய் தாக்கியது நரம்புகளை. மரத்துப்போன கைக்குக் கொதிக்கும் பாத்திரமும் காலுக்குக் கடிக்கும் செருப்பும் தெரியவில்லை. தூங்கும்போது எலி கடித்ததால் விரலின் ஒரு பகுதியை இழந்தவர்களும் இருந்தார்கள். காயம் இருந்தது, வலி இல்லை. அந்த வலியின்மையே ஊனத்தை உண்டாக்கியது. செயலிழந்த விரல்களுக்கு ஆரோக்கியமான தசைநாண்களை மாற்றிப் பொருத்தும் அறுவையோடு, கண்ணால் பார்த்துக் காலையும் கையையும் காத்துக்கொள்ளும் பழக்கத்தையும் வேலூர்க் குழு கற்றுக்கொடுத்தது.

பிராண்ட் பிற்பாடு அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனையில் பணியாற்றியபோது, செயற்கை வலி ஒன்றை உருவாக்க முயன்றார். கையுறையிலும் காலணியிலும் உணர்கருவிகள் பொருத்தி, ஆபத்தான அழுத்தம் ஏற்பட்டால் ஒலி எழுமாறு செய்தார்கள். நோயாளிகள் ஒலியைப் பொருட்படுத்தவில்லை. பிறகு உணர்ச்சியுள்ள இடத்தில் மின்னதிர்ச்சி தரப்பட்டது. செய்ய நினைத்த வேலைக்கு அது தடையானபோது கருவியையே அணைத்துவிட்டார்கள். திட்டம் கைவிடப்பட்டது. அபாயச் செய்தி மட்டுமே வலி ஆகாது என்பதை இத்தோல்வி காட்டுகிறது. வலியில் கவனத்தைப் பறிக்கும் வலிமையும், செயலை நிறுத்தியே ஆகவேண்டும் என்ற கட்டாயமும் அடங்கியிருக்கின்றன. அவற்றைச் சேர்ப்பது மூளை.

இல்லாத கையில் வலி

வேலூரில் கண்டதற்கு நேர் எதிரான நிலையை ஆராய்ந்தவர் வி. எஸ். ராமச்சந்திரன். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியகோ வளாகத்தில் பேராசிரியரானவர். கை துண்டிக்கப்பட்ட பலருக்கு அந்தக் கை இன்னும் இருப்பதாகவே தோன்றும். சிலருக்கு அது இறுக மூடி, நகம் உள்ளங்கையில் பதிவதுபோல் வலிக்கும். 1990களில் ராமச்சந்திரன் ஒரு பெட்டிக்குள் கண்ணாடியை நிறுத்தி, இருக்கும் கையின் பிம்பம் இழந்த கையின் இடத்தில் தெரியும்படி செய்தார். நல்ல கையை விரித்தபோது இல்லாத கையும் விரிவதாகச் சிலர் உணர்ந்தார்கள்; இறுக்கமும் வலியும் தளர்ந்தன. எல்லா நோயாளிகளுக்கும் இது பலன் தருவதில்லை; பிந்தைய ஆய்வுகளின் முடிவுகள் கலவையானவை. ஆனால் சேதமடையக் கையே இல்லாதபோதும் வலி உண்டாகும் என்பதும், பார்வை வழியாக அந்த வலியைச் சிலரிடமாவது மாற்ற முடியும் என்பதும் தெரியவந்தன.

வலிச்செய்தியை நரம்பு மண்டலம் எப்படி மாற்றுகிறது? ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் இருவரும் 1965இல் ‘வாயில் கொள்கை’யை வெளியிட்டார்கள். தோலிலிருந்து வரும் வலிச்செய்தி தண்டுவடத்தின் பின்கொம்பில் தடுத்துச் சலிக்கப்படுகிறது. தொடுதலைக் கடத்தும் தடித்த நரம்பிழைகள் அந்த வாயிலைச் சாத்த உதவுகின்றன. மூளையும் மேலிருந்து அதைத் திறக்கவோ மூடவோ ஆணையிடுகிறது. இடித்த முழங்காலைத் தேய்த்துவிட்டால் இதமாக இருப்பதற்கு இது ஒரு விளக்கம். எண்ணெய் தேய்த்து நீவிவிடும் நம் ஊர் வைத்தியம் சில மணி நேரம் நிம்மதி தருவதையும் இவ்வகையில் புரிந்துகொள்ளலாம். அதைக்கொண்டு அந்த வைத்தியத்தின் மற்றக் கூற்றுகள் அனைத்தும் மெய்யாகிவிடா.

மேலிருந்து வரும் ஆணைக்கு வேதியியல் சான்றும் உண்டு. பல் பிடுங்கிய நோயாளிகளிடம் 1978இல் லெவின், கார்டன், ஃபீல்ட்ஸ் மூவரும் ஆய்வு செய்தார்கள். மருந்தே இல்லாத ஊசியாலும் சிலருக்கு வலி குறைந்தது. அபினிவகை மருந்துகளை முறிக்கும் நலாக்சோன் கொடுத்ததும் அந்த நிவாரணம் மறைந்தது. நிவாரணம் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு, உடல் தானே சுரக்கும் வலிநீக்கிகளைத் தூண்டியிருக்கிறது. எதிர்த் திசையிலும் நரம்பு மண்டலம் இயங்கும். தொடர்ந்து தூண்டப்படும் தண்டுவட நரம்புகள் கூர்மையடைந்து, சாதாரணத் தொடுதலையும் வலியாக்கும் என்பதை 1983இல் கிளிஃபர்ட் உல்ஃப் நிறுவினார். காயம் ஆறிய பின்னும் வலி தங்கிவிடுவதற்கு இதுவே முக்கியக் காரணங்களுள் ஒன்று.

ஸ்கேன் சொல்வதும் சொல்லாததும்

முதுகுவலி விஷயத்தில் இந்தக் கருத்து நேரடியாகப் பயன்படுகிறது. முதுகுவலியே இல்லாத 98 பேரை எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு 1994இல் வெளிவந்தது. அவர்களில் 52 விழுக்காட்டினருக்கு ஓரிடத்திலாவது டிஸ்க் புடைத்திருந்தது. வலியற்ற 3,110 பேரின் படங்களைத் தொகுத்த 2015ஆம் ஆண்டு ஆய்வு, இருபது வயதினரில் 37 விழுக்காட்டினருக்கும் எண்பது வயதினரில் 96 விழுக்காட்டினருக்கும் டிஸ்க் தேய்மானம் இருந்ததாகக் கண்டது. தலை நரைப்பதுபோல வயதின் அடையாளமாக வரும் மாற்றத்தை நோயின் காரணமாகச் சொல்லும்போது நோயாளிக்கு அச்சம் பிறக்கிறது. அச்சத்தால் அசைவு குறைகிறது, அசையாத தசை வலுவிழக்கிறது, நரம்பு மண்டலம் இன்னும் கூர்மையாகிறது. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட நாள்பட்ட இடுப்புவலி வழிகாட்டுதல், விளக்கிச் சொல்லும் கல்வியையும் உடற்பயிற்சியையும் பரிந்துரைக்கிறது. இடுப்பு பெல்ட்டும் இழுவைச் சிகிச்சையும் வழக்கமான சிகிச்சையாக வேண்டாம் என்கிறது.

சக்கர நாற்காலியிலிருந்து வந்த மருத்துவம்

நரம்பையே பயிற்றும் மருத்துவம் தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. வேலூரில் இளம் மருத்துவராக இருந்த மேரி வர்கீஸ் 1954இல் கார் விபத்தில் தண்டுவடம் அடிபட்டுக் கால்களின் இயக்கத்தை இழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளில் அறுவை செய்தார். பிறகு நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி வேலூரில் அத்துறையைத் தொடங்கினார். 1966இல் அங்கே மறுவாழ்வு மையம் எழுந்தது.

ஆழ்வார்குறிச்சிக்கு இன்னும் பக்கத்தில், தென்காசியை அடுத்த ஆய்க்குடியில் இருக்கிறது அமர் சேவா சங்கம். பொறியியல் மாணவரான எஸ். ராமகிருஷ்ணன் 1975இல் பெங்களூரில் நடந்த கடற்படை அதிகாரித் தேர்வின்போது விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். சொந்த ஊருக்குத் திரும்பி 1981இல் இந்தச் சங்கத்தைத் தொடங்கி, தமக்குத் துணைநின்ற விமானப்படை மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் நினைவாகப் பெயரிட்டார். தசைச்சிதைவு நோயோடு வாழும் கணக்காய்வாளர் எஸ். சங்கரராமன் பின்னர் அவரோடு இணைந்தார். ராமகிருஷ்ணனுக்கு 2020இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

பனையிலிருந்தோ தென்னையிலிருந்தோ விழுந்தவர், சாலை விபத்தில் அடிபட்டவர் என்று தண்டுவடம் சேதமானவர்களுக்கு மறுவாழ்வுப் பயிற்சி எதற்கு? கை, கால் நரம்பு அறுபட்டால் நாளொன்றுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் வளரக்கூடும்; தண்டுவட நரம்பிழைகள் அப்படி வளர்வதில்லை. முழுதும் அறுபடாத தண்டுவடத்தில் எஞ்சிய பாதைகளைத் திரும்பத் திரும்பப் பழக்கினால் இழந்த செயலில் ஒரு பங்கு மீளும். உணர்ச்சியற்ற இடுப்பில் படுக்கைப்புண் வராமல் காக்க, கையூன்றி உடலை அவ்வப்போது தூக்கிக்கொள்ளும் பழக்கம் வேண்டும். பிராண்ட் தொழுநோயாளிகளுக்குச் சொன்ன அதே பாடம் இது. இன்னொன்றும் உண்டு: தண்டுவடம் அடிபட்டவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு நரம்புவலி இருக்கிறது, தொட்டால் தெரியாத கால்கள் எரிகின்றன. சேதத்தையும் வலியையும் ஒன்றென்று கொள்ளும் மருத்துவத்திடம் இந்த எரிச்சலுக்குப் பதில் கிடையாது.

எழக்கூடிய மறுப்புகள்

வலியை மூளை உண்டாக்குகிறது என்றால் அது வெறும் கற்பனையா? இல்லை. மேலே சொன்ன மாற்றங்கள் நரம்பிலும் வேதிப்பொருளிலும் அளந்து காணப்பட்டவை. நாள்பட்ட வலியோடு வரும் பெண்ணிடம் ‘மனப்பிரமை’ என்று சொல்லி அனுப்புவது அறிவியலுக்கே எதிரானது. சேதத்தைத் தேடவே வேண்டாமா என்பது அடுத்த கேள்வி. கட்டாயம் தேட வேண்டிய நேரங்கள் உண்டு: சிறுநீர், மலம் கட்டுப்பாடு இழத்தல், கால் பலமிழத்தல், காய்ச்சல், காரணமின்றி எடை குறைதல், முன்பு புற்றுநோய் இருந்த வரலாறு. இவற்றில் தாமதம் கூடாது.

மூன்றாவது மறுப்பே கனமானது. நரம்பைப் பழக்கு என்று சொல்வது, உடலை வதைக்கும் வேலையைக் கண்டுகொள்ளாமல் விடுவதற்குச் சாக்காகலாம். சுற்றிய எண்ணிக்கைக்கே கூலி என்றால் எழுந்து நடக்கும் பத்து நிமிடமும் கூலி இழப்புதான். எனவே மருத்துவ விளக்கத்தோடு உட்காரும் முறை, இடைவேளை, கூலி ஆகியவையும் பேசப்பட வேண்டும்.

இதற்கான அமைப்புகள் இந்த வட்டாரத்திலேயே இருக்கின்றன. முக்கூடலில் பீடித் தொழிலாளர்களுக்கான மத்திய அரசு மருத்துவமனை உள்ளது. 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இயன்முறைச் சிகிச்சையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. கிராம அளவில் பயிற்சி தரும் அனுபவம் ஆய்க்குடிக்கு உண்டு. இம்மூன்றும் சேர்ந்தால் முதுகுவலிக்காரருக்கு முதல் வாரத்திலேயே வலியின் இயல்பை அவருடைய பேச்சுவழக்கில் விளக்கலாம். ஸ்கேன் தேவையா என்று முடிவு செய்யலாம். வேலைக்குப் படிப்படியாகத் திரும்பும் பயிற்சியைத் தொடங்கலாம். பலனை அளக்கும்போது வலி மதிப்பெண் எவ்வளவு குறைந்தது என்பதோடு, ஆறு மாதம் கழித்து எத்தனை பேர் பயமின்றிக் குனிந்து தண்ணீர்க் குடம் தூக்குகிறார்கள், எத்தனை பேர் பெல்ட்டைக் கழற்றிவிட்டார்கள் என்பதையும் பதிவேட்டில் குறிக்க வேண்டும்.