தாயா? சேயா? - கர்ப்ப காலப் புற்றுநோய் சிகிச்சையின் கதை

வயிற்றில் குழந்தை வளரும்போதே தாய்க்குப் புற்றுநோய் என்று தெரிய வந்தால் என்ன செய்வது? ஏறக்குறைய ஆயிரம் கர்ப்பங்களில் ஒன்றில் இந்த நிலை வருகிறது. இதற்கு நம்பிக்கையான பதில் கிடைக்க மருத்துவ உலகுக்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது.

1880ல் அமெரிக்க அறுவை மருத்துவர் சாமுவேல் கிராஸ், கர்ப்பிணிகளின் மார்பகப் புற்றுநோய் மிக வேகமாக வளரக்கூடியது, மிகக் கொடியது என்று எழுதினார். 1943ல் நியூயார்க் மருத்துவர்கள் ஹாகன்சனும் ஸ்டவுட்டும் ஒரு படி மேலே போனார்கள். கர்ப்ப காலத்திலோ பால் கொடுக்கும் காலத்திலோ வந்த மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்தும் பயனில்லை என்றனர். அதாவது, அந்தப் பெண்கள் கைவிடப்பட்டவர்கள்!

பின்னால் வந்த ஆய்வுகள் வேறு காரணத்தைக் காட்டின. கர்ப்ப காலத்தில் மார்பகம் பெருத்து இறுகுவதால் கட்டி எளிதில் கைக்குத் தட்டுப்படாது. தட்டுப்பட்டாலும் கர்ப்பத்தால் வந்த வீக்கம் என்று விட்டுவிடுவார்கள். இந்தத் தாமதமே பல உயிர்களைப் பறித்தது. கருவைக் கலைப்பதால் மட்டும் தாயின் ஆயுள் கூடுவதில்லை என்பதும் தெரிந்தது.

அடுத்த தடை, மருந்து பற்றிய பயம். இதற்குக் காரணம் இருந்தது. அமினோப்டெரின் என்ற மருந்து கருவைக் கலைக்கும் என்பதும், தப்பிய குழந்தைகள் ஊனத்துடன் பிறக்கலாம் என்பதும் 1950களிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் உறுப்புகள் உருவாகும் முதல் மூன்று மாதங்கள்தான் மிகவும் ஆபத்தானவை. அதற்குப் பிறகு?

1999ல் ஹூஸ்டன் எம்.டி.ஆண்டர்சன் மையத்து மருத்துவர்கள் விடை சொன்னார்கள். முதல் மூன்று மாதம் கடந்த 24 கர்ப்பிணிகளுக்கு மார்பகப் புற்றுநோய்க்காகக் கீமோதெரபி கொடுத்திருந்தார்கள். குழந்தைகளிடம் பிறவிக் குறைபாடு எதுவும் காணப்படவில்லை. 2015ல் பெல்ஜிய மருத்துவர் ஃபிரடெரிக் அமாந்த் குழுவினர், கர்ப்பத்தில் புற்றுநோய் கண்ட தாய்மாரின் 129 குழந்தைகளை மற்ற 129 குழந்தைகளோடு ஒப்பிட்டனர். அறிவு வளர்ச்சியிலும் இதயத்திலும் பெரிய வேறுபாடு இல்லை. குறைமாதப் பிறப்புதான் வளர்ச்சியைப் பாதித்தது. எனவே அவசரப்பட்டுப் பிரசவத்தை முன்கூட்டி நடத்துவதைத் தவிர்க்க வேண்டும் என்ற பாடம் கிடைத்தது.

எல்லாம் தீர்ந்துவிடவில்லை. கதிர்வீச்சு பெரும்பாலும் பிரசவத்துக்குப் பின்னரே தரப்படுகிறது. டிராஸ்டுசுமாப் மருந்து பனிக்குட நீரைக் குறைப்பதால் கர்ப்பத்தில் தவிர்க்கப்படுகிறது. முதல் மாதங்களில் தீவிர ரத்தப் புற்றுநோய் வந்தால், கருவைத் தொடர்வதா என்ற கொடுமையான கேள்வி இன்றும் எழுகிறது. ஆனாலும் 1943ல் கைவிடப்பட்ட பெண்ணின் இடத்தில் இன்று இருப்பவளிடம், "இருவரையும் காப்பாற்ற முயல்வோம்" என்று மருத்துவரால் பல நேரங்களில் சொல்ல முடிகிறது.